எல்லை மலைகளின் தொழில் வரலாற்றைப் பார்த்துவர ஒரு வழிகாட்டி: போடி முதல் பத்மநாபபுரம் வரை

தேனி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து மேற்கே ஏறினால் அரை நாளுக்குள் கேரள எல்லையைக் கடந்துவிடலாம். அங்கே மூணாற்றில் தேயிலை அருங்காட்சியகமும், புனலூரில் தொங்கு பாலமும், தேக்கடியில் பெரியாற்று அணையின் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. பெரும்பாலோர் இவற்றைக் குளிர்ச்சியான இடங்களுக்குப் போகிற வழியில் கிடைக்கும் ஒரு மணி நேரப் பொழுதுபோக்காகவே பார்த்துத் திரும்புகிறார்கள். இந்த மலைகளில் ஒரு தொழிலின் இயந்திரம் ஒரு மாநிலத்திலும், அதை இயக்கியவர்கள் புறப்பட்ட ஊரும் அதன் சரக்கு இறங்கிய பாதையும் மறு மாநிலத்திலும் கிடக்கின்றன. ஆகவே அருங்காட்சியகத்தையும் அதற்குப் போகிற சாலையையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கே முழு வரலாறும் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் பார்ப்பதற்கான முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஊரைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு சரக்கைத் தேர்ந்தெடுங்கள்

பயணத்தை "மூணாறு போகிறோம்" என்று தொடங்காமல் "தேயிலையைப் பின்தொடர்கிறோம்" என்று தொடங்குங்கள். தேயிலை, நீர், இரும்புப்பாதை, பீரங்கி, தேக்கு ஆகிய ஐந்தும் இந்த எல்லையில் பின்தொடரத்தக்கவை. தேயிலைக்குப் போடிநாயக்கனூர் முதல் மூணாறு வரை, நீருக்குக் கம்பம் பள்ளத்தாக்கு முதல் தேக்கடி வரை, இரும்புப்பாதைக்குச் செங்கோட்டை முதல் புனலூர் வரை, பீரங்கிக்குத் தக்கலைச் சுற்றுவட்டாரம், தேக்குக்குச் சேத்துமடை வழியே பரம்பிக்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வழி இருக்கிறது. ஒரு பயணத்தில் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாளில் ஐந்து இடங்களைப் பார்த்தவருக்கு நினைவில் நிற்பவை நுழைவுச்சீட்டுகளே. ஒரு சரக்கு பிறந்த இடம், பதப்பட்ட இடம், இறங்கிய வழி, அதைச் சுமந்தவர்கள் குடியிருந்த வீடு ஆகிய நான்கையும் பார்த்தவரோ ஊருக்குத் திரும்பி அதைப் பிறருக்குச் சொல்ல முடியும்.

இரண்டாம் படி: கிழமை, பருவம், மொழி

மூணாறு தேயிலை அருங்காட்சியகத்துக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுதி. கூட்டத்தில் ஒரு பொருளின் முன் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. எனவே செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை ஒதுக்கி, திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைச்சாலைகளில் மண் சரிவதும் போக்குவரத்து நிற்பதும் வழக்கம் என்பதால், வெளிப்புறத் தடயங்களைப் பார்க்க விரும்புவோர் மழை ஓய்ந்த பின் செல்வதே பாதுகாப்பு.

கேரள அருங்காட்சியகங்களில் விளக்கப் பலகைகள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இதனால் தயங்க வேண்டியதில்லை. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் குமுளியிலும் தமிழ் அன்றாட மொழி. காட்சிக்கூடப் பணியாளர்களில் பலர் தோட்டக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். "அண்ணே, இந்த மிஷின் எப்படி ஓடுச்சு?" என்று கேட்டால் பலகையில் இல்லாத செய்தியையும் சொல்வார்கள். வயதான அம்மாக்களுடனோ குழந்தைகளுடனோ செல்பவர்கள் இப்படிக் கேட்பதைத் தயக்கமின்றி அவர்களிடம் விட்டுவிடலாம். தோட்டத்தில் வேலை பார்த்த உறவினர் ஒருவராவது நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இருப்பதால் பேச்சு தானாகவே தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: போடியிலிருந்து ஏறுங்கள்

மூணாற்றுக்கு அடிமாலி வழியாகவும் உடுமலை, மறையூர் வழியாகவும் போகலாம். ஆனால் தேயிலையைப் பின்தொடர்கிறவர் போடிநாயக்கனூரிலிருந்தே ஏற வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு வந்த மீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் மீண்டும் ரயில் வரத் தொடங்கியிருப்பதால் வண்டி இல்லாதவர்களுக்கும் இது இயலும். போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஓரிடத்தில் பாதுகாப்பாக நிறுத்தி, கீழே காய்ந்து கிடக்கும் சமவெளியையும் மேலே தொடங்கும் ஏலக்காட்டையும் ஒருசேரப் பாருங்கள். மலைக்கு ஆள் வேண்டியிருந்த காலத்தில் கீழே மழை பொய்த்துப் பஞ்சம் இருந்தது. மேலே வேலை, கீழே பசி என்ற இந்த வேறுபாடே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை மலையேற வைத்தது. அருங்காட்சியகத்தின் எந்தப் பலகையையும்விட இந்தச் சரிவு அதைத் தெளிவாக உணர்த்துகிறது.

நான்காம் படி: காட்சிக்கூடத்துக்குள் பொருள்களைப் பார்க்கும் முறை

மூணாறு நகரத்திலிருந்து சிறிது தூரத்தில், நல்லதண்ணி எஸ்டேட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது. டாட்டா டீ நிறுவனம் 2005இல் அதைத் திறந்தது. அதே ஆண்டில் தோட்டங்கள் ஊழியர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் நிறுவனத்தின் கைக்கு மாறின. உள்ளே போவதற்கு முன் ஒரு சிறு காலவரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பொருள்கள் தாமாகப் பேசும். பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது 1877இல். அங்கே முதன்முதலில் தேயிலை நட்டவர் ஏ. எச். ஷார்ப்; ஆண்டு 1880. சின்கோனா (கொயினா மருந்து தரும் மரம்), காப்பி, ஏலம் என்று பலவற்றையும் நட்டுப் பார்த்த பிறகே தேயிலை நிலைத்தது. ஃபின்லே நிறுவனம் உள்ளே வந்து, 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. 1964இல் டாட்டாவுடன் கூட்டு ஏற்பட்டது.

பெரும்பாலோர் நேரே ஆவணப்படத்துக்கும் பிறகு தேநீர்க் கடைக்கும் போகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் செயல்விளக்கத்துக்காக வைத்திருக்கும் சிறு தொழிற்கூடத்துக்குச் செல்லுங்கள். கொழுந்து பறித்த பின் முதலில் அதைக் காற்றோட்டத்தில் பரப்பி வாட்டுகிறார்கள். ஈரம் குறைந்து இலை துவள்கிறது. பிறகு உருட்டுகிறார்கள்; இலையின் உள்ளறைகள் உடைந்து சாறு வெளிப்படுகிறது. அந்தச் சாறு காற்றோடு சேர்ந்து செம்பு நிறமாவதைத் தோட்டத்தில் புளித்தல் என்பார்கள். உரிய நேரத்தில் சூடான காற்றால் உலர்த்தி அதை நிறுத்துகிறார்கள். கடைசியில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் போடும் குருணைத் தூள், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. உருளைகளில் உருவாவது.

இந்த ஐந்து வேலைகளையும் கண்ணால் பார்த்துவிட்டால் ஒரு கேள்வி எழ வேண்டும்: பறித்த கொழுந்து வீணாகாமல் அன்றைக்கே ஆலைக்கு வந்தாக வேண்டும் என்றால் ஆலை எங்கே இருக்க வேண்டும், ஆட்கள் எங்கே குடியிருக்க வேண்டும்? தோட்டத்தின் நடுவில் ஆலையும், ஆலையையும் மலைச்சரிவையும் ஒட்டி வரிசை வீடுகளும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும் ஏன் வந்தன என்பதற்கான விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வெளியே வந்த பிறகு நீங்கள் பார்க்கப் போகிற நிலக்காட்சி முழுவதும் இலையின் இந்த அவசரத்துக்கு ஏற்ப அமைந்ததுதான்.

அடுத்து, கீழ்க்காணும் நான்கு பொருள்களின் முன் நிதானமாக நில்லுங்கள். 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் இயந்திரம் முதலாவது. இன்றைய இயந்திரங்களோடு ஒப்பிட்டால் அடிப்படைத் தத்துவம் எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பது வியப்பளிக்கும். இரண்டாவது, கன்னிமலை எஸ்டேட்டின் மின்நிலையத்தில் 1920களில் சுழன்ற பெல்டன் சக்கரம். உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர் இதன் கிண்ணங்களில் மோதிச் சக்கரத்தைச் சுழற்றும். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே தோட்டங்கள் தமக்கான மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டிருந்தன என்பதற்கு இந்தச் சக்கரம் சான்று. மூன்றாவது, 1913இல் செய்யப்பட்ட கருங்கல் சூரியக் கடிகாரம். அதைச் செய்தது நம் நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளி. தூத்துக்குடி மாவட்டத்துக் கைவேலை மூணாற்று மலையில் நேரம் காட்டியிருக்கிறது. இரு பக்கத்துக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலுக்கு இதைவிட நல்ல சாட்சி அந்தக் கூடத்தில் இல்லை. நான்காவது, பெரியகானல் அருகே கிடைத்த முதுமக்கள் தாழி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று குறித்திருக்கிறார்கள். தோட்டம் வருவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்து இறந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. இதில் ஆர்வம் உள்ளவர்கள் திரும்பும்போது மறையூரில் முனியறைகள் எனப்படும் கல்திட்டைகளையும் பார்க்கலாம்.

மரக் குளியல் தொட்டி, பழைய தொலைபேசி இணைப்பகம், தட்டச்சுப் பொறிகள், பங்களா நாற்காலிகள் ஆகியவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பழைய புகைப்படங்களை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாருடைய பெயர் கீழே எழுதப்பட்டிருக்கிறது, யாருடையது எழுதப்படவில்லை என்ற நான்கையும் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வெளியே வந்து டாப் ஸ்டேஷன் வரை செல்லுங்கள்

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ரயில் வண்டியின் சக்கரம் இருக்கிறது. அது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைச் சேர்ந்தது. 1902இல் அது ஒற்றைத் தண்டவாளத்தில், காளைகள் இழுக்க ஓடத் தொடங்கியது. 1908இல் இரண்டடி அகலமுள்ள குறுகிய பாதையாக மாற்றப்பட்டு நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் போயின. அங்கிருந்து ரோப்வே எனும் கம்பிவடப் பாதை வழியாகச் செங்குத்தான சரிவில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு மாட்டுவண்டியில் போடிக்கும், முடிவில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்றன. மலைக்கு வேண்டிய அரிசியும் பிற பொருள்களும் இதே வழியில் மேலேறின.

1924 ஜூலையில் பெய்த பெருமழை இந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரளத்தில் இன்றும் அதைத் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்றே சொல்கிறார்கள். ரயில் மறுபடி கட்டப்படவில்லை. மூணாற்றில் நிலையமாக இருந்த கட்டடம் தோட்ட நிறுவனத்தின் அலுவலகமாகியிருக்கிறது. சாலையிலிருந்தே அதைப் பார்க்கலாம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். போகும் வழியில் மாட்டுப்பட்டி அணையிலும் குண்டளை ஏரியிலும் படகுக்கு நிற்கிறவர்கள் சரிவின் பக்கமும் கண்ணை வைத்திருக்க வேண்டும். ரயில் ஓடிய வழியும் இந்தச் சாலையும் ஒரே பள்ளத்தாக்கைத்தான் பின்பற்றுகின்றன.

டாப் ஸ்டேஷனுக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்; பிறகு மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. வானம் தெளிவாக இருந்தால் கீழே கொட்டகுடியும் குரங்கணியும் போடிப் பக்கத்துச் சமவெளியும் தெரியும். காலையில் காட்சிக்கூடத்திலும் மாலையில் இங்கும் என்று வைத்துக்கொள்ளாமல், முதல் நாள் காட்சிக்கூடம், மறுநாள் காலை டாப் ஸ்டேஷன் என்று பிரித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. இங்கிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கும் பாதை உண்டு. ஆயினும் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற பலர் உயிரிழந்தார்கள். வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல், யார் அழைத்தாலும், அந்தப் பாதையில் இறங்க வேண்டாம். கீழ்முனையைப் பார்க்க விரும்புவோர் போடிக்குத் திரும்பி, அங்கிருந்து பேருந்தில் குரங்கணிக்குப் போகலாம்.

ஆறாம் படி: லயங்களைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள்

ஒரு நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லும் கூடத்தில் இயந்திரங்களும் துரைமார்களும் முன்னே நிற்பது இயல்பு. ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, அவர் கொடுத்த முன்பணம், அந்த முன்பணக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாத நிலை, ஒற்றை அறை கொண்ட வரிசை வீடுகளான லயங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த குடித்தனம் ஆகியவற்றை நாமாகத்தான் தேடிச் சேர்க்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் தெருவில் அமர்ந்து நடத்திய "பெம்பிளை ஒருமை" (பெண்கள் ஒற்றுமை) போராட்டத்தில் முன்னின்றவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். 2020 ஆகஸ்டில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது மாண்ட 70 பேரும் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே; அவர்களின் உறவினர்கள் கயத்தாற்றுப் பக்கத்திலும் இருந்தார்கள். இவை தொழில் வரலாற்றின் பகுதி இல்லையென்றால் வேறு எது பகுதி?

இதற்காக லயங்களுக்குள் நுழைந்து படம் எடுக்கக் கூடாது. அவை மக்கள் வாழும் வீடுகள். மூணாறு கடைத்தெருவில் தேநீர்க் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ ஓய்வு பெற்ற தொழிலாளர் எவரேனும் பேச விரும்பினால் கேளுங்கள். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், பூர்வீகம் எந்த ஊர், ரிட்டையர் ஆன பின் எங்கே வீடு என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை அவர் சொல்வதற்கு விட்டுவிடுங்கள். வேலையை விட்டால் லயத்தையும் விட வேண்டும் என்பதால் கடைசிக் கேள்விக்கு வரும் விடை நீளமானதாக இருக்கும்.

ஏழாம் படி: மற்ற வழிகள்

நீரைப் பின்தொடர்பவர்கள் கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப்பில் தொடங்க வேண்டும். பெரியாற்று அணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுயிக்குக்காக 2013இல் தமிழ்நாடு அரசு திறந்த மணிமண்டபம் அங்கே இருக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, 1895இல் அணை நிறைவேறியது. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கலந்த காரையில் எழுந்த அந்த அணையைக் கட்டும்போது காய்ச்சலாலும் காலராவாலும் ஏராளமான தொழிலாளர்கள் மாண்டார்கள். மண்டபத்திலிருந்து குமுளிக்கு ஏறும்போது மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெருங்குழாய்களைப் பாருங்கள். பிறகு தேக்கடியில் படகேறினால், நீங்கள் மிதப்பது அந்த அணை தேக்கிய நீரில்தான் என்பது புரியும். அணைக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்ல முடியாது. ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்த நாளில் போனால், பாலார்பட்டியில் உழவர்கள் அவருக்காகப் பொங்கலிடுவதையும் காணலாம்.

இரும்புப்பாதைக்குச் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் சென்று பேருந்தில் திரும்ப வேண்டும். 1904இல் ஓடத் தொடங்கிய இந்த மீட்டர் பாதை, அகலப்பாதையாகி 2018இல் மறுபடி திறக்கப்பட்டது. பகவதிபுரத்தைக் கடந்ததும் வரும் குகைக்குள் எல்லை மாறிவிடும். கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தை ரயிலில் இருந்தபடி முழுதாகப் பார்க்க முடியாது. பக்கத்திலேயே சாலை ஓடுவதால் திரும்பும்போது இறங்கிப் பார்க்க வேண்டும். புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி கட்டி 1877இல் முடித்த தொங்கு பாலம் இப்போது தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. நடந்தே கடக்கலாம். அதன் இரு முனைகளிலும் சங்கிலிகள் கல் தூண்களுக்குள் இறங்கும் இடங்களைப் பார்க்காமல் வராதீர்கள். பாலத்தின் பாரம் முழுவதும் அங்கேதான் முடிகிறது.

பீரங்கியைப் பின்தொடர விரும்புவோருக்கு ஒரே நாள் போதும். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும், 1956 மாநிலப் பிரிப்பில் கல்குளம் தாலுகா நம் பக்கம் வந்த பிறகும், அதைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. மரவேலையையும் கண்ணாடி போல மின்னும் கருந்தரையையும் பார்த்த பின், வளாகத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளுக்கு நேரம் கொடுங்கள். பிறகு புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குச் செல்லுங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டி லனாய் இங்கே பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை கூரையிழந்த தேவாலயத்துக்குள் இருக்கிறது. அதன் மேல் லத்தீனோடு தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. சாய்ந்த வெயிலில் படியுங்கள்.

தேக்கு வழியைப் பற்றி ஒரு சொல். பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் சாலை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்ளிருந்துதான் போகிறது. அங்கிருந்து சாலக்குடிக்கு 1907 முதல் 1963 வரை மரம் ஏற்றிய கொச்சி அரசின் டிராம்வே ஓடியது. இரு மாநில வனத்துறைகளின் விதிகளும் பொருந்துவதால் முன்பதிவு இல்லாமல் புறப்பட வேண்டாம்.

எட்டாம் படி: குறிப்பேடும் வருகைப் பதிவேடும்

பார்த்ததை அன்றிரவே எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் ஆண்டு, எங்கே செய்யப்பட்டது, யார் கையில் இயங்கியது, எந்த வழியே வந்தது என்ற நான்கு செய்திகள் போதும். விடுபட்டவற்றை வெற்றிடமாக விட்டு வைத்தால் அடுத்த பயணத்துக்கு அதுவே பட்டியல். வீட்டில் பழைய தோட்ட அடையாள அட்டை, கூலிச் சீட்டு, பிரட்டுக்களப் புகைப்படம் ஏதேனும் இருந்தால் தெளிவாகப் படி எடுத்து, பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் முன் வருகைப் பதிவேட்டில் உங்கள் கருத்தை எழுதுங்கள். விளக்கப் பலகைகள் தமிழிலும் வேண்டும், புகைப்படங்களில் தொழிலாளர்களின் பெயர்கள் கிடைத்தவரை சேர்க்கப்பட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் தேதியும் ஊரும் குறிப்பிட்டு, மரியாதையான சொற்களில், தமிழிலேயே எழுதலாம்.